சட்டையில் சமையலறை: ஸ்பெயினின் ஃபுட்சால் லீக்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது, "கால்பந்து பற்றிப் பேசுவார்" என்றார். பாதி சரி. பந்து உண்டு, கால் உண்டு. ஆனால் புல் கிடையாது, மழை கிடையாது, பதினொரு பேரும் கிடையாது. கூரைக்குக் கீழே, வழுவழுப்பான தரையில், பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஃபுட்சால் பற்றித்தான் பேசப்போகிறேன். அதிலும் ஒரே ஒரு நாட்டின் முதல்நிலை லீக், ஸ்பெயின் லீக் பற்றி மட்டும்.

ஒரு புதிரோடு ஆரம்பிக்கிறேன். ஸ்பெயினின் மயோர்கா தீவில் பால்மா ஃபுட்சால் என்று ஒரு அணி இருக்கிறது. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகை வென்ற அணி. அப்படித் தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் அணியும் அதுதான். அந்த மூன்றாவது கோப்பையைத் தூக்கிய நாள் வரைக்கும் அது சொந்த நாட்டு லீகை ஒரு தடவைகூட வென்றதில்லை. ஐரோப்பாவில் முதலிடம், வீட்டில் அந்த இடம் கிடைக்கவில்லை. இது எப்படி? கடைசியில் இதற்கு வருகிறேன். அதற்குள் யாரும் டீ குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடுகிறார்களே, வலை கட்டிய டர்ஃப், அதில் பையன்கள் ஆடுவது ஃபுட்சால் கிடையாது. அங்கே பந்து பக்கவாட்டு வலையில் பட்டுத் திரும்பி வந்தால் ஆட்டம் தொடரும். ஃபுட்சாலில் கோடு இருக்கிறது. கோட்டைத் தாண்டினால் பந்து வெளியே. எடுத்து வைத்து 4 விநாடிக்குள் உதைக்க வேண்டும். களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பந்து கொஞ்சம் சிறியது, அதிகம் துள்ளாது. அதனால் பாதத்தின் உட்புறத்தைவிட உள்ளங்கால்தான் முக்கியம். வருகிற பந்தைச் செருப்பால் கரப்பான்பூச்சியை மிதிப்பதுபோல மிதித்து நிறுத்துவார்கள். பார்க்க அழகாக இருக்காது என்று நினைப்பீர்கள், இருக்கும். இரண்டு பாதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம். பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். நேரம் கடத்துகிறேன் என்று கீழே விழுந்து புரண்டு பிரயோஜனமில்லை. ஒரு பாதியில் ஐந்து ஃபவுல் வரை சலுகை. ஆறாவதிலிருந்து எதிரணி 10 மீட்டர் தூரத்திலிருந்து நேராகக் கோலுக்கு அடிக்கலாம், குறுக்கே தடுப்புச் சுவர் நிற்க முடியாது.

எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. கடைசி மூன்று நான்கு நிமிடம், ஒரு கோல் பின்தங்கியிருக்கிற அணி. பயிற்சியாளர் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டு, ஐந்தாவது ஆட்டக்காரராக இன்னொருவரை இறக்குவார். கோல் வாய் திறந்தே கிடக்கும், ஐந்து பேரும் தாக்குவார்கள். அப்படி இறங்குபவர் கோல்கீப்பர் நிறச் சட்டை போட்டாக வேண்டும். ஆனால் முதுகில் அவருடைய சொந்த எண் தெரிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சட்டை அடித்து வைப்பதற்குப் பதில் பல அணிகள் என்ன செய்கின்றன தெரியுமா? ஒரே ஒரு சட்டை, முதுகில் சதுரமாக ஒரு ஓட்டை. அதை மேலே மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கிற எண் ஓட்டை வழியாகத் தெரியும். தையற்காரர் மூளை! கோடிக்கணக்கில் பணம் புரளும் கால்பந்தில் இப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. இந்த லீகின் குணமே அந்த ஓட்டைச் சட்டையில் இருக்கிறது என்பேன். இருப்பதை வைத்துச் சமாளிக்கிற குணம்.

சரி, லீகுக்கு வருவோம். ஆட்டம் பிறந்தது உருகுவேயில், 1930இல், அதை விட்டுவிடுகிறேன். ஸ்பெயினில் 1977இல் ஹோசே மரியா கார்சியா என்ற வானொலி விளையாட்டுச் செய்தியாளர் ஓர் அணியைத் தொடங்கினார். அவருடைய நிகழ்ச்சியின் பெயரையே அதற்கும் வைத்தார். பிறகு இண்டர்வியூ என்ற வாரப் பத்திரிகை பணம் கொடுத்தது. அணியின் பெயர் இண்டர்வியூ ஆனது. 1989இல் கிளப்புகள் சேர்ந்து தேசிய லீகை அமைத்தபோது முதல் பருவத்தை வென்றதும் அந்த அணிதான். அப்போது பெயரில் லாயிட்ஸ் என்ற விளம்பரதாரரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஃபதேசா என்ற கட்டுமான நிறுவனம் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு மொவிஸ்டார், தொலைபேசி. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் அணி 14 முறை லீகை வென்றது, ஐந்து முறை ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. போர்த்துகலின் ரிக்கார்டினியோ உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வரிசையாக வாங்கிக் குவித்ததும் இந்த அணிச் சட்டையில்தான்.

இன்று அந்த அணியை எல்லோரும் இண்டர் என்கிறார்கள். புதிதாகப் பார்க்கிறவர் இண்டர்நேஷனலின் சுருக்கம் என்று நினைத்துக்கொள்வார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அது இண்டர்வியூ பத்திரிகையின் முதல் பாதி! அந்தப் பத்திரிகை 2018இல் மூடப்பட்டது. ஃபதேசா இணைந்திருந்த குழுமம் 2008இல் திவாலானது. பணம் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், பெயரின் ஒரு துண்டு மட்டும் சட்டையில் தங்கிவிட்டது.

இந்த லீகின் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். முர்சியாவின் எல்போசோ, இறைச்சி நிறுவனம். பன்றித் தொடை, தொத்திறைச்சி. 1989 முதல் அந்த அணி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஐந்து முறை லீக் சாம்பியன், கடைசியாக 2010இல். கீக்கே போனெட் போன்ற ஆள் ஆடிய அணி. ஸ்பெயின் 2000இலும் 2004இலும் உலகக் கோப்பையை வென்றபோது அவர் அதில் இருந்தார். அப்புறம் லா மாஞ்சா சமவெளி. அங்கே வால்டெபெனியாஸ் என்ற ஊர், சுமார் 30,000 பேர், வைனுக்குப் பேர்போன இடம். அணியின் பெயர் வினியா அல்பாலி வால்டெபெனியாஸ். வினியா அல்பாலி என்பது பாட்டிலில் ஒட்டியிருக்கிற பெயர். அங்கிருந்து காரில் அரைமணி நேரம் போனால் மன்சனாரெஸ், அதைவிடச் சிறிய ஊர். அதன் அணிக்கு ஒரு சீஸ் கம்பெனியின் பெயர். இரண்டும் ஒரே நேரத்தில் முதல் நிலையில் இருந்த பருவங்கள் உண்டு. வைனும் சீஸும் மோதுகிற ஆட்டம்! ஸ்பெயின்காரர்கள் இதைச் சாப்பாட்டு மேசையில் சேர்த்துத்தான் வைப்பார்கள்.

சிரிக்கிறீர்கள். ஆனால் வால்டெபெனியாஸ் 2018இல்தான் முதல் நிலைக்கு ஏறியது. இரண்டே வருஷத்தில், 2020இல், கொரோனாவால் மலகாவில் ஆளில்லாத அரங்கில் சுருக்கி நடத்திய பிளே-ஆஃபில், அதாவது பட்டம் யாருக்கு என்று முடிவு செய்கிற கடைசிச் சுற்றில், இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. எதிரே இண்டர். தோற்றார்கள், இண்டருக்கு அது 14ஆவது பட்டம். ஒரு கற்பனைக்குச் சொல்கிறேன்: நம் பக்கத்துத் தாலுகா தலைநகர் அளவு ஊர் ஒன்று நாட்டின் முதல்நிலை லீகின் இறுதி ஆட்டத்தில் நிற்கிறது. பெரிய கால்பந்தில் அது இனி நடக்காது. அங்கே நுழைவுச் சீட்டின் விலையே வேறு.

வடக்கே நவாராவில் இன்னும் சின்ன கதை. இருர்சுன் என்று ஒரு கிராமம், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 1978இல் அங்கே பிறந்த சோட்டா அணி இன்று பாம்ப்லோனா நகர அரங்கில் ஆடுகிறது. மாக்னா என்ற பெயர் அதில் நெடுநாள் ஒட்டியிருந்தது. அது பக்கத்து மலையில் மாக்னசைட் தோண்டுகிற நிறுவனம். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே பயிற்சியாளர், இமானோல் அர்ரேகி. தோற்றால் மூன்றாவது வாரம் ஆளை மாற்றுகிற காலத்தில் இதைக் கேட்டாலே ஒரு நிம்மதி.

ஹயேன் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஆலிவ் எண்ணெய் மாகாணம். ஆறு கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள் இருக்கின்றன என்பார்கள். அங்கே 2021இல் கட்டித் திறந்த அரங்கின் பெயரே ஒலிவோ அரேனா. அணிக்கு மஞ்சள் சட்டை. லீக் பருவத்தின் முதல் பாதி முடிந்ததும் முதல் எட்டு இடத்தில் இருக்கிற அணிகளை மட்டும் ஒரே ஊருக்கு அழைத்து, நாலு நாளில் முடிக்கிற கோப்பைப் போட்டி ஒன்று ஸ்பெயினில் உண்டு. தோற்றால் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஹயேன் லீகை வென்றதில்லை. ஆனால் இந்தக் கோப்பையை 2015, 2018, 2023 என மூன்று முறை தூக்கியது. போகிற ஊருக்கெல்லாம் ஹயேன்காரர்கள் பஸ் பஸ்ஸாகக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அங்கே மஞ்சள் அலை என்று பெயர். கல்யாணத்துக்குப் போவதுபோலக் குடும்பத்தோடு போவார்கள்.

இதெல்லாம் இனிப்பான பக்கம். ஒரு ஊரின் ஒரே கம்பெனியை நம்பி ஓர் அணி நிற்கும்போது, அந்தக் கம்பெனிக்குத் தும்மல் வந்தால் அணிக்குக் காய்ச்சல். செகோவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியர்கள் கட்டிய கல் கால்வாய்ப் பாலம் ஊர் நடுவில் இன்னும் நிற்கிறதே, அந்த ஊர். அங்கே காஹா செகோவியா என்ற உள்ளூர் சேமிப்பு வங்கியின் பெயரில் ஓர் அணி. 1999இல் லீக் சாம்பியன். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான லூயிஸ் அமாதோ ஆடிய அணி. 2010இல் அந்த வங்கியை இன்னும் ஆறு சேமிப்பு வங்கிகளோடு சேர்த்து பாங்கியா என்று ஒரு பெரிய வங்கியாக ஆக்கினார்கள். இரண்டே வருஷத்தில் பாங்கியா தள்ளாடி, அரசே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டுக் கடன் குமிழி வெடித்ததில் சிக்கிய வங்கி ஃபுட்சாலுக்கா பணம் ஒதுக்கும்? அணி மேல் நிலையிலிருந்து மறைந்தது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

காஸ்தெயோன் கதையும் அப்படித்தான். ஐரோப்பியக் கோப்பை தொடங்கியபோது முதல் இரண்டையும், 2002, 2003, வென்ற அணி அது. இன்று முதல் நிலையில் தேடினால் கிடைக்காது.

எல்லாம் அழுகைக் கதை என்று நினைக்க வேண்டாம். கார்த்தஹேனா இருக்கிறது. ரியல் எஸ்டேட் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்த அணியின் சட்டையில் இருந்தது போலாரிஸ் வேர்ல்ட், கோல்ஃப் மைதானத்தோடு வில்லா கட்டி விற்கிற நிறுவனம். குமிழி உடைந்தது. அணி தட்டுத் தடுமாறி உயிர் பிழைத்தது. இப்போது சட்டையில் இருப்பது ஜிம்பீ. கிர்ணிப் பழமும் தர்பூசணியும் விளைவித்து விற்கிற வட்டார நிறுவனத்தின் பெயர். வில்லாக்காரர்கள் காலத்தில் கிடைக்காத லீக் பட்டம், பழக்காரர்கள் காலத்தில், 2024இல் கிடைத்தது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இதில் ஒரு குரூர சந்தோஷம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய கிளப்புகள் இல்லையா என்று கேட்பீர்கள். ரியல் மாட்ரிட் இந்தப் பக்கமே வரவில்லை. பார்சா, அதாவது பார்சிலோனா, வந்தது. முதல் லீக் பட்டம் 2011இல். அதற்குப் பின் நாலு ஐரோப்பியக் கோப்பைகள். பெரிய கால்பந்தின் பணம் பின்னால் நின்றால் இது இயல்புதான். கம்பெனிக்காரன் முதுகில் நிற்கிற ஊர்களுக்கு அது பெரிய தலைவலி. பார்சா ஆள் எடுக்கிற சந்தையில் எண்ணெய் வியாபாரியும் சீஸ் வியாபாரியும் என்ன விலை கேட்க முடியும்?

இப்போது புதிருக்கு வருவோம். பால்மா அணி 1998இல் தொடங்கியது பால்மாவில் கூட இல்லை; மனாகோரில், டென்னிஸ் வீரர் நடாலின் ஊரில். பிறகு தீவின் தலைநகரான பால்மாவுக்கு இடம் மாறியது. லீகில் 16 அணிகள், ஒவ்வொன்றும் 30 ஆட்டம். அதோடு முடிவதில்லை. முதல் எட்டு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும்; கால் இறுதி, அரையிறுதி, இறுதி என்று ஒரே எதிரியோடு திரும்பத் திரும்ப மோத வேண்டும். ஒரு ராத்திரி உச்சத்தில் ஆடினால் போதாது. ஜூன் வெயிலில், தேய்ந்த முழங்காலோடு, மூன்று தொடரையும் தாண்ட வேண்டும். தீவு அணிக்கு வெளியூர் ஆட்டம் என்றாலே விமானம் வேறு. ஐரோப்பாவிலோ கடைசி நாலு அணிகள் ஒரே ஊரில் ஒரு வாரக் கடைசியில் கூடும். இரண்டு நல்ல ஆட்டம் ஆடினால் கோப்பை. அந்தோனியோ வாதியோ என்ற பயிற்சியாளர் அந்த இரண்டு ஆட்டத்துக்கு அணியைத் தயார் செய்வதில் கெட்டிக்காரர்.

ஸ்பெயினுக்கு ஐரோப்பியப் போட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் இருந்ததால்தான் 2022இல் அவர்களுக்குக் கதவு திறந்தது. 2023 மே மாதம், சொந்த ஊரில், சைக்கிள் பந்தயத்துக்குக் கட்டிய அரங்கில், லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணியை பெனால்டியில் வென்றார்கள். அடுத்த வருஷம் நடப்பு சாம்பியன் என்ற தகுதியில் போய், யெரெவானில் பார்சாவையே 5-1 என்று நொறுக்கினார்கள். அதற்கடுத்த வருஷம் பிரான்சின் லெ மான் நகரில், கஜகஸ்தானின் கைராத் அணிக்கு எதிராக 9-4. லீக் பட்டம் கேட்டு யாரும் அந்த ராத்திரி அழுதிருக்க மாட்டார்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. அங்கே கோடையில் ராத்திரி எட்டு மணி ஆட்டம் என்றால் நமக்குப் பதினொன்றரை. தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், கடைசி ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து எழுந்தால் போதும். பந்தைப் பார்க்காதீர்கள். பின்தங்கியிருக்கிற அணியின் பெஞ்சைப் பாருங்கள். யாராவது முதுகில் ஓட்டை போட்ட சட்டையைத் தலை வழியாக மாட்டுகிறாரா என்று.