எடைக்கு வாங்கி அண்டாவாக விற்றால் பாவமா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, கல் கருட சேவை பார்க்க வந்து எங்களிடம் மாட்டிக்கொண்ட நாச்சியார்கோவில் பெருமக்களே, வணக்கம்.

பழைய பொருளை வாங்கி லாபத்துக்கு விற்பது உழைப்பா, ஏய்ப்பா என்பது தலைப்பு. உழைப்பே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "வாசலில் எடைக்கு வாங்குகிறான், கடையில் அண்டாவாக விற்கிறான். நடுவில் நிற்கிற காசு யாருடையது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நடுவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

பரணில் கிடந்த பித்தளை அண்டா. விளிம்பு நசுங்கி, உள்ளே பூசிய வெள்ளீயம் போய், பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. அதில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற அம்மாக்களுக்குத் தெரியும். அதைப் பட்டறைக்குத் தூக்கிப் போய், மரச்சுத்தியால் ஒடுக்கு எடுத்து, புளி போட்டுத் தேய்க்க வேண்டும். கரி நெருப்பில் காயவைத்து நவச்சாரப் பொடியைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். அந்தச் சூட்டிலேயே ஈயத்தைத் தொட்டு வைத்து, உருகி ஓடும்போதே துணியால் துடைத்துப் பரப்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் திட்டுத் திட்டாய் நின்றுவிடும். அப்புறம் கடையில் வைத்தால், கல்யாண சீசன் வரை ஆள் திரும்பிப் பார்க்காது. கடன் வாங்கிப் போட்ட முதலுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதே ஊரில் பழைய பித்தளையை உருக்கிக் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். "உள்ளே போனது ஓட்டைச் சொம்புதானே" என்று விளக்குக் கடையில் யாராவது பேரம் பேசியதுண்டா?

ஜி.எஸ்.டி. விதி 32(5) என்று ஒன்று இருக்கிறது. பழைய சாமான் வியாபாரி, வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளாமல் இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். சின்னச் சின்ன ரிப்பேர் செய்து விற்றாலும் சரி. நஷ்டத்துக்கு விற்றால் அந்த வித்தியாசத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்தத் தொழிலில் நஷ்டமும் வரும் என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது. அண்ணன்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

சரி, அவர் சொன்ன அக்கிரகாரத்துப் பாட்டி கதைக்கு வருகிறேன். பூஜை அறையில் பழைய தஞ்சாவூர் ஓவியம். வந்த வியாபாரி அது பலாப்பலகை, தங்க ரேக்கு என்று தெரிந்துகொண்டே, "வெறும் ஜிகினா பாட்டி, பலகையும் செல்லரிச்சுப் போச்சு" என்று சொல்லிச் சொற்பக் காசுக்கு வாங்கிப் போனான். அவனுக்காக நான் வாதாட மாட்டேன். தெரிந்தே பொய் சொன்னான், அது மோசடி. வாய் திறக்காமல் இருப்பது வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவைப் பாருங்கள். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் வாயே திறக்காவிட்டால் அது மோசடி ஆகாது. வாங்குவது இப்போதுதான் மேஜர் வயதை எட்டிய அவன் சொந்த மகள் என்றால், சொல்ல வேண்டியது அவன் கடமை என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். மகளிடம் சொல்ல வேண்டியதை அந்தப் பாட்டியிடமும் சொல்லிவிட்டு வாங்கு என்பதுதான் எங்கள் அணி. சட்டம் கேட்பதைவிட அதிகமாகவே கேட்கிறோம். "இது தங்க ரேக்கு. சுத்தம் செய்து கூடுதல் விலைக்கு விற்பேன். இன்னும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்" என்று சொல்லி வாங்கியவன், அப்புறம் இரண்டு மடங்குக்கு விற்றாலும் எனக்கு வருத்தமில்லை. வாங்கும்போது என்ன பேசினான் என்பதை விட்டுவிட்டு, விற்கும்போது எவ்வளவு சம்பாதித்தான் என்றே அண்ணன் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாள் ஆகும். அதற்குள் நாற்று காய்கிறது. புது டீசல் என்ஜின் வாங்க வழியில்லாத விவசாயி அந்த வாரம் யாரிடம் ஓடுகிறார்? போன அறுவடை முடிந்து ஒருத்தர் தள்ளிவிட்ட பழைய என்ஜினை வாங்கி, பிஸ்டன் ரிங் மாற்றி, கொட்டகையில் வைத்திருக்கிற அதே வியாபாரியிடம்தான். தேவைப்படுகிற அன்றைக்குப் பொருள் கையில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அடுத்தவர் அவசரத்தைப் பார்த்து விலையை ஏற்றுகிறவன் இல்லையா என்றால், இருக்கிறான். புதுச் சாமான் விற்கிற கடையிலும் அவன் இருக்கிறான்.

கடைசியாக ஒன்று. எதிரணி அண்ணன் இந்த மேடைக்கு செகண்ட் ஹேண்ட் புல்லட்டில்தான் வந்து இறங்கினார். நல்ல வண்டி, நானே பார்த்தேன். அதை விற்றவர் எவ்வளவு லாபம் வைத்தார், அந்தக் காசை ஏய்ப்பு என்று சொல்லித் திருப்பிக் கேட்டாரா என்று நடுவர் அவரிடமே கேட்டுச் சொல்ல வேண்டும். வணக்கம்.