நாற்காலியைக் குறை சொல்வதற்கு முன்: ஒரு கால்சட்டை அளவு சொன்ன செய்தி

[திரையில்: ஒரு சீருடைக் கால்சட்டை, அதன் இடுப்பைச் சுற்றி அளவு நாடா]

வணக்கம். இதய நோயின் காரணத்தைத் தேடும் மருத்துவ ஆய்வாளர் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டுவார், இறப்புச் சான்றிதழ்களைப் புரட்டுவார். ஆனால் பேருந்து ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் கணக்கை வாங்கி, யாருடைய கால்சட்டைக்கு எத்தனை அங்குல இடுப்பு என்று பார்ப்பாரா? ஒருவர் பார்த்தார். உட்கார்ந்து வேலை செய்வோரின் உடல்நலத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதுதான். ஆகவே இந்த வீடியோவின் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கப் போகிறேன் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். மனிதரின் உடலுக்கும் மனத்துக்கும் ஏற்ப வேலையையும் கருவியையும் அமைக்கும் துறையைத் தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். எர்கோனாமிக்ஸ் என்ற பெயரை, வேலை, விதி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1857-இல் போலந்து அறிஞர் வோய்சியெக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி உருவாக்கினார். (இந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்வதற்குள் ஆறு முறை ஒலிப்பதிவை நிறுத்த வேண்டியிருந்தது.) அவருக்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறீர்கள்’ என்பதையும் சேர்க்கும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். எழுத்தர்களுக்கு வரும் நோய்களுக்கு, இடைவிடாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே விதமாக ஓயாமல் அசைவது, பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்னும் மன இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணமாகக் கூறினார். இறகுப் பேனா இருந்த இடத்தில் மவுஸை வைத்தால், அது இன்றைய அலுவலகமேதான்.

இப்போது ஒரு சிறிய சோதனை. உங்கள் வலக்கையைத் தோளுக்கு நேராக முன்னால் நீட்டி, அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். நான் தொடர்ந்து பேசுகிறேன்.

[திரையில்: நீட்டிய கை, மூலையில் ஓடும் கடிகாரம்]

ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோவைத் தாண்டாது. அதே கைகளை வீசிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாலும் நமக்கு அவற்றின் நினைவே வருவதில்லை, ஆனால் அசையாமல் நீட்டியிருக்கும்போது இரண்டு மூன்று நிமிடங்களிலேயே தோள் கடுக்கத் தொடங்குகிறது. தசை சுருங்கி விரியும்போது அதனுள் இரத்தம் தாராளமாக வந்து போகிறது. சுருங்கிய நிலையிலேயே இறுகி நின்றுவிட்டால் அந்த ஓட்டம் தடைப்படுகிறது. விசைப்பலகைக்கு மேல் முன்கையைத் தாங்கிப் பிடித்திருப்பதும், ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை முன்னோக்கித் தாழ்த்தி வைத்திருப்பதும் இதே வேலையின் மெதுவான வடிவங்களே. போதும், கையை இறக்கிக்கொள்ளுங்கள்.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டுகளுக்கு நிலைமை இன்னும் கடினம். வளர்ந்தவர்களின் வட்டுகளுக்குள் இரத்தக்குழாய் ஏறக்குறைய இல்லை என்பதால், அவற்றுக்கு வேண்டிய சத்து சுற்றியுள்ள திசுக்களிலிருந்து மெல்ல ஊறித்தான் வர வேண்டும். பகல் முழுவதும் உடலின் சுமையைத் தாங்கும் வட்டுகள் சிறிது நீரை இழந்து சுருங்கி, இரவில் படுத்திருக்கும்போது அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால்தான் காலையில் நாம் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று மேலாக உயரமாக இருக்கிறோம். திருமணத் தகவல் படிவத்தில் உயரத்தை எப்போது அளந்தார்கள் என்றும் ஒரு வரி சேர்க்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

சரி, கால்சட்டைக்கு வருவோம்.

[திரையில்: சிவப்பு நிற இரண்டடுக்குப் பேருந்து]

இலண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் சேர்ந்தே வேலைக்கு வந்தார்கள், ஒரே வண்டியில் ஒரே தெருக்களைச் சுற்றினார்கள், வாழ்க்கை வசதியிலும் பெரிய வேறுபாடு இல்லாதவர்கள். ஓட்டுநர் தம் பணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை இருக்கையிலேயே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் நோய்ப் பதிவுகளை ஒப்பிட்டு, 1953-இல் வெளியிட்ட கட்டுரையில், நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வருகிறது என்றும், வந்தாலும் பிற்காலத்தில்தான் வருகிறது, உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையாவதும் குறைவு என்றும் காட்டினார்கள். ஓர் ஆய்வகம் கோடிக்கணக்கில் செலவழித்தாலும் இவ்வளவு பொருத்தமான இணையை அமைத்திருக்க முடியாது. பேருந்துக்கு மாடிப்படி வைத்தவருக்குத் தாம் ஒரு மருத்துவ ஆய்வுக்கு அடித்தளம் போடுகிறோம் என்பது தெரிந்திருக்காது.

இங்கே உங்களுள் சிலர் ஒரு கேள்வி கேட்பீர்கள், அது நல்ல கேள்வி. பருமனானவர்கள் உட்கார்ந்து ஓட்டும் வேலையைத் தேடிச் சென்று, ஒல்லியானவர்கள் படியேறும் வேலையைத் தேர்ந்தெடுத்திருந்தால், வேறுபாட்டுக்குக் காரணம் வேலையா, உடல்வாகா? மாரிஸ் தம்மைத் தாமே இதைக் கேட்டுக்கொண்டார். அதற்காகத்தான் சீருடைக் கணக்கு. இடுப்பளவைப் பார்த்தால் ஓட்டுநர்களே பெரியவர்கள். இளம் வயதினரிடமும் அந்த வேறுபாடு இருந்தது. ஆகவே சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருமனானவர் என்று அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும், திடீர் மாரடைப்பு மரணம் நடத்துநர்களிடம் குறைவாகவே இருந்தது. இந்தச் சீருடைக் கணக்கை விவரித்து 1956-இல் வெளிவந்த கட்டுரையை எழுதியவர் தம் சொந்த முடிவையே இடறிவிடக்கூடிய சான்றைத் தையல் அளவுகளில் தேடிப் போனார் என்பதுதான், எனக்கு அவர் மீது மரியாதை வரக் காரணம். மாரிஸ் 2009-இல், 99 வயதில் காலமானார். உடற்பயிற்சியைத் தாமும் விடாமல் செய்துவந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே ‘நிமிர்ந்து உட்கார்’ என்று நமக்குச் சொல்லப்படும் அறிவுரை பாதி அறிவுரைதான். நிமிர்ந்து நான்கு மணி நேரம் சிலைபோல உட்கார்ந்தாலும் உடல் சலித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடப்பதும், தொலைபேசியில் நின்றுகொண்டே பேசுவதும் விலை உயர்ந்த நாற்காலியால் செய்ய முடியாத வேலையைச் செய்கின்றன. நின்று வேலை செய்யும் மேசையை வாங்கிவிட்டு நாள் முழுவதும் நிற்பவருக்கும் விடுதலை இல்லை. நெடுநேரம் அசையாமல் நிற்பவர்களுக்குக் காலில் நரம்புச் சுருட்டலும் இடுப்பு வலியும் வருகின்றன.

இருந்தாலும் இருக்கையின் அமைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதம் தரையில் படிய வேண்டும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும், திரை ஏறக்குறைய ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். மடிக்கணினி இந்த விதிகளை ஒருசேரக் கடைப்பிடிக்க விடாது: திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை என்பதால், திரையை உயர்த்தினால் தோள் அழும், தாழ்த்தினால் கழுத்து அழும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, மடிக்கணினியின் கீழே நான்கு தடித்த புத்தகங்களை அடுக்குவதே எளிய தீர்வு. கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள்.

இவ்வளவையும் ஊழியரின் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார், விடை சுழியம். ‘சராசரி மனிதருக்காக’ வாங்கிய ஒரே உயர மேசையும் அசையாத நாற்காலியும் யாருக்கும் பொருந்தவில்லை என்றால், குற்றம் உட்காருபவருடையது அல்ல. சுமை தூக்கும் இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த கணக்கின்படி, மற்ற எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போது உடலை ஒட்டித் தூக்கத் தக்க வரம்பு 23 கிலோ. அதே பெட்டி உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் விலகியிருந்தால் வரம்பு பாதியாகிறது. ‘கவனமாகத் தூக்கவும்’ என்று சுவரில் எழுதிவைப்பதைவிட, பெட்டி இருக்கும் அலமாரியை அருகில் நகர்த்துவது மேல்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கையின் உயரத்தையும் மேசைப் பரப்பின் உயரத்தையும் அளந்து, இரண்டுக்கும் எத்தனை சென்டிமீட்டர் வேறுபாடு என்று கீழே பதிவிடுங்கள். என்னுடையது 9. நாற்காலியின் கீழே இருக்கும் நெம்புகோலை வாங்கிய நாளிலிருந்து நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்பது இந்த எழுத்துப்படியை முடிக்கும்போதுதான் தெரிந்தது.