மென்'ஸ் செருப்புக்கு மட்டும் ஏன் பில் விழவில்லை?

வணக்கம் மக்களே. சத்துவாச்சாரியில் வீட்டு மாடி அறையில் இருந்து பேசுகிறேன். ஃபேனை நிறுத்தினால் மைக்குக்கு நல்லது. ஆனால் வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் நான் இருக்க முடியாது. பின்னால் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாங் பஜார் பக்கம் ஒரு செருப்புக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். பைத்தான் மொழி, எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ், அவ்வளவுதான். முதல் நாளே கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, லேடீஸ் செருப்புக்கு எல்லாம் பில் வருது, ஜென்ட்ஸ்க்கு மட்டும் வரமாட்டேங்குது." சிரித்துக்கொண்டே போனேன். உண்மைதான். லேடீஸ் என்ற சொல்லில் எந்தக் குறியும் இல்லை. இன்னொரு பெட்டியில் அச்சடித்திருப்பதோ மென்'ஸ் சாண்டல்.

நான் எழுதியிருந்த குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் வரியில், இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே பொருளின் பெயரை அப்படியே ஒட்டியிருந்தேன். கடைசியில் டேட்டாபேஸுக்குப் போனது இது:

செலக்ட் * ஃப்ரம் சரக்கு வேர் பெயர் = 'மென்'ஸ் சாண்டல்'

மென் என்பதோடு பெயர் முடிந்துவிட்டது என்று அது நினைக்கிறது. மிச்சம் நிற்கும் எஸ் என்ன என்று அதற்குப் புரியவில்லை. "எஸ் பக்கத்தில் சின்டாக்ஸ் எரர்" என்று நின்றுவிட்டது.

பில் வராதது சின்ன விஷயம். அன்று மாலை என் லாகின் திரையையே சோதித்துப் பார்த்தேன். பாஸ்வேர்டு கட்டத்தில் ' ஆர் '1'='1 என்று அடித்தேன். முதலாளி கணக்கில் நேராக உள்ளே போய்விட்டேன். ஆர் என்றால் அல்லது. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே, நிபந்தனை எல்லா வரிக்கும் பொருந்திவிடுகிறது. (பாஸ்வேர்டை அப்படியே சேமித்து வைத்திருந்தது தனிக் குற்றம். அதற்கு இன்னொரு வீடியோ.)

ஒரு மேற்கோளை இரண்டாக்கிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல் விதிப்படி அது சரிதான், உள்ளே வரும் குறியை இரட்டித்தால் அது வெறும் எழுத்தாகிவிடும். ஆனால் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சாதாரண அமைப்பில் பின்சாய்கோட்டையும் (\) மதிக்கும், அதற்கு அடுத்து வரும் மேற்கோளை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எவனாவது மேற்கோளுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்து அடித்தால், நீங்கள் இரட்டித்த குறியில் ஒன்று எழுத்தாகிவிடும், மற்றது வாசலைத் திறந்துவிடும். பிஎச்பி மொழியில் மேஜிக் கோட்ஸ் என்று தானாகவே பின்சாய்கோடு போடும் வசதி இருந்தது. அதை 5.4 பதிப்பில், 2012-ல் எடுத்தே விட்டார்கள்.

சரி, எப்படித்தான் செய்வது? மதிப்பை நீங்கள் ஒட்டவே கூடாது. குவெரியில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, மதிப்பைத் தனியாக அடுத்த கையில் கொடுங்கள். வாக்கிய அமைப்பைப் பார்த்து முடித்த பிறகுதான் மதிப்பு உள்ளே வருகிறது. அதில் எத்தனை மேற்கோள் இருந்தாலும் அது சரக்கின் பெயர் மட்டும்தான். ஒரு எச்சரிக்கை: கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் போடாதீர்கள். போட்டால் அது கேள்விக்குறி என்ற எழுத்தாகிவிடும். "இங்கே இடமே இல்லை, நீ ஒன்று கொடுத்திருக்கிறாய்" என்று பைத்தான் சண்டைக்கு வரும். நான் அரை மணி நேரம் சண்டை போட்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு வம்பு. விலை என்ற தலைப்பைத் தட்டினால் விலைவாரியாக அடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். குவெரியில் அடுக்கச் சொல்லும் ஆர்டர் பை பக்கத்திலும் கேள்விக்குறி போட்டேன். எரர் வரவில்லை, அடுக்கவும் இல்லை. விலை என்ற காலத்தை, அதாவது டேபிளின் நெடுவரிசையை, அது பார்க்கவில்லை, "விலை" என்ற சொல்லைப் பார்த்தது. எல்லா வரிக்கும் அதே சொல் என்றால் எதை முன்னே வைக்கும்?

கேள்விக்குறி மதிப்புக்கு மட்டும்தான். டேபிள் பெயர், காலம் பெயர் எல்லாம் வேறு சாதி. அவற்றுக்கு இரட்டை மேற்கோள், மைஎஸ்கியூஎல்லில் பேக்டிக் (`) குறி. எஸ்கியூலைட்டில் இதிலும் ஒரு குழி உண்டு. இரட்டை மேற்கோளுக்குள் "வில்லை" என்று தப்பாக அடித்தேன். அப்படி ஒரு காலமே இல்லை. எரர் கொடுக்காமல், சரி, இது ஒரு சொல்லாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டது. பழைய பழக்கம் அது. 2019-ல் வந்த 3.29 பதிப்பில் இருந்து அதை அணைக்க வழி இருக்கிறது, அணைத்துவிடுங்கள்.

இப்போது நான் செய்வது: திரையில் இருந்து வரும் பெயரை நம்புவதே இல்லை. எந்தத் தலைப்புக்கு எந்தக் காலம் என்று நானே எழுதிய பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இல்லாதது உள்ளே வராது.

அப்புறம் கடை வளர்ந்தது, ஆம்பூரில் ஒரு கிளை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாறினோம். அங்கே காலம் பெயரைச் சுற்றி மேற்கோள் போட பைத்தானின் சைக்கோபிஜி லைப்ரரியில் ஐடென்டிஃபையர் இருக்கிறது, டேட்டாபேஸுக்கு உள்ளேயே கோட் ஐடென்ட் இருக்கிறது. ஒழுங்காகத்தான் பயன்படுத்தினேன். ரிப்போர்ட்டில் தலைப்பு தமிழில் வேண்டும் என்றார்கள். "ஆம்பூர்_கிளையிலிருந்து_வந்தவை", "ஆம்பூர்_கிளையிலிருந்து_வரவேண்டியவை" என்று இரண்டு காலம் வைத்து ஒரு வியூ (டேபிள் போலப் பயன்படும், சேமித்து வைத்த குவெரி) செய்தேன். ஒரே காலத்தை இரண்டு முறை சொல்லியிருக்கிறாய் என்று திட்டு.

போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட்டுதான். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ஆம்பூர் 21, அடிக்கோடு 1, கிளையிலிருந்து 42. கூட்டினால் 64. கடைசி உகரத்தைக்கூட வெட்டிவிட்டு "ஆம்பூர்_கிளையிலிருந்த" என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. வெட்டுகிறேன் என்று ஒரு நோட்டீஸும் கொடுத்திருந்தது. நான்தான் படிக்கவில்லை. இப்போது "வரவு", "பாக்கி" என்று வைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். நான் சரிசெய்வதற்கு முன்பே கடைக்காரர் கவுன்ட்டர் பையனிடம், "மென்'ஸ்ல அந்தக் குறியைப் போடாம அடிடா" என்று சொல்லியிருக்கிறார். பாதிச் சரக்கு மென்'ஸ் என்றும் பாதி மென்ஸ் என்றும் இரண்டு வரியாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.