புகார்ப் பெட்டியின் சாவி

வணக்கம் நேயர்களே.

சமூகப் பொறுப்புக்காக ஒரு சர்வதேசத் தரம் எழுதுகிறார்கள். அது வெற்றி பெறுமா, பெறாதா என்று எப்படிக் கணிப்பது? இதைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் இது பெரிய கம்பெனி முதலாளிகளின் கவலை, நமக்கென்ன என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் பனியனைத் தைத்தவர் நேற்று எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார் என்பதும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

நான் 1997 முதல் 2015 வரை, 18 வருடம், திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பர்சனல் ஆபீசராக இருந்தேன். வெளிநாட்டு பையர் கேட்கும் சான்றிதழ்களுக்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. அதே 1997இல்தான் எஸ்.ஏ. 8000 என்ற தரமும் வந்தது. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய வேலை கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைம் 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, சங்கம் வைக்கத் தடை கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். நல்ல தரம். வரிக்கு வரி படித்தவன் சொல்கிறேன், எழுத்தில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

சரி, தரம் என்றால் என்ன? ஒரு பொருளோ வேலையோ இப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த அளவுகோல். குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். குக்கரை ஒரு கூடத்தில் வைத்து எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று சோதித்துவிடலாம். இன்று ஒரு விதமாகவும் நாளை ஒரு விதமாகவும் நடந்துகொள்ள குக்கருக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும். சோதிக்க வருகிறார்கள் என்றால் அன்றைக்கு மட்டும் அது வேறு கம்பெனியாகிவிடும்.

நகைக்கடை ஹால்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத்துக்கு ஹால்மார்க் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. 2021 ஜூனில்தான் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள். இப்போது நகையில் ஆறு எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளக் குறி இருக்கிறது. அதைக் கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், எந்தக் கடை பதிவு செய்தது, எந்த மையம் சோதித்தது என்று வந்துவிடும். மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போன அம்மா, கடைக்குள் நின்றுகொண்டே அதைப் பார்த்துக்கொள்ளலாம். சோதிக்கும் சாவி, ஏமாந்தால் நஷ்டப்படப் போகிறவர் கையிலேயே இருக்கிறது. இந்தச் சாவியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் இதற்குத்தான் வரப்போகிறேன்.

2006ஆம் வருடம். ஒரு பெரிய பையர், ஆடிட் முடித்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். ஆடிட் என்றால், தரத்தில் சொன்னபடி கம்பெனி நடக்கிறதா என்று வெளியாள் வந்து சோதிப்பது. ஆடிட் தேதி பதினைந்து நாள் முன்பே தெரியும். உள்ளே எப்படி இருக்கும் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு வந்தால் சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிஃப்ட். எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிஃப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் நள்ளிரவு தாண்டி இரண்டு ஷிஃப்ட். சனிக்கிழமை சம்பளம். எங்களிடம் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று சம்பளம் போடுவதற்கு. இன்னொன்று ஆடிட்டர் பார்ப்பதற்கு. இரண்டாவது நோட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதை இந்த மைக் முன்னால் மறைக்க நான் விரும்பவில்லை.

ஆடிட்டர் கேட்கும் பட்டியலில் புகார்ப் பெட்டி என்று ஒன்று இருந்தது. தொழிலாளர்கள் பெயர் சொல்லாமல் குறை எழுதிப் போட ஒரு பெட்டி. கடையில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, நீலப் பெயின்ட் அடித்து, டைம் ஆபீஸ் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். நேர் எதிரே மேனேஜரின் கண்ணாடி அறை. அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. சுவரில் அங்கேதான் ஆணி இருந்தது, மாட்டிவிட்டேன்.

மறுநாள் டீ நேரம். செக்கிங் டேபிளில் பல வருடமாக நின்ற ஓர் அக்கா, வெள்ளகோவில் பக்கத்துக்காரர், பெட்டி முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஏனுங் சார், இந்தப் பொட்டிக்குச் சாவி ஆருகிட்டங் சார் இருக்குது?"

"மேனேஜர்கிட்டங்க்கா," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப எழுதறவங்க கையெழுத்தும் அவருக்குத்தானுங்களே தெரியும்," என்று சொல்லிவிட்டு டேபிளுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், சென்னை, பெங்களூர் எல்லாம் போய். ஒரு தரம் வேலை செய்யுமா என்பதைக் கண்டுபிடிக்க அந்த அக்காவின் கேள்வியைவிடக் கூர்மையான ஒன்றை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆடிட் அன்று ஆடிட்டர் பெட்டியைப் பார்த்தார், பட்டியலில் டிக் போட்டார். சாவி யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. அவர் பட்டியலில் அந்தக் கேள்வியே இல்லை. எங்களுக்குச் சான்றிதழ் வந்தது, ரிசப்ஷனில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். நான் இருந்த காலம் முழுக்க அந்தப் பெட்டியிலிருந்து உருப்படியாக ஒரு புகார் வந்ததாக எனக்கு நினைவில்லை. குறையே இல்லாததால் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு சாவியும் இருந்தது. பேக்கிங் செக்ஷனுக்குப் பின்னால் ஒரு கதவு. அவசர வழி. சரக்கு வெளியே போய்விடும் என்று எப்போதும் பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம். ஆடிட் அன்று மட்டும் திறந்திருக்கும்.

2012 செப்டம்பர் 11ஆம் தேதி கராச்சியில், பால்டியா டவுன் என்ற பகுதியில், அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். நான் எந்தத் தரத்தை வரிக்கு வரி படித்தேனோ, அதே தரம். தீ வைக்கப்பட்டது என்று பல வருடம் கழித்து அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். தீயை யார் வைத்திருந்தாலும், வழி திறந்திருந்தால் வெளியே ஓடியிருப்பார்கள் இல்லையா? செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் போய் முதலாளியிடம் பின்கதவுப் பூட்டை எடுக்கச் சொன்னேன். சரக்கு திருட்டுப் போனால் நீ பொறுப்பா என்றார். செய்தித்தாளை மேஜைமேல் வைத்தேன். மத்தியானம் பூட்டை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒரு பெல் வைத்தார்கள். சில நூறு ரூபாய் வேலை. பல வருடமாகச் செய்யாத வேலை.

அப்புறம் 2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம். முதல் நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடிவிட்டன. மேல்மாடி ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்தவர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். வங்கி ஊழியருக்கு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, தையல்காரருக்கு முடியவில்லை. எந்தச் சர்வதேசத் தரத்தைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் அந்தக் காலை நேரத்தைத்தான் நினைத்துப் பார்ப்பேன். அந்தத் தரம் அன்று கையில் இருந்திருந்தால், வாசலில் நின்ற பெண் உள்ளே போக மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா?

அடுத்த மாதமே, வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்காக அக்கார்டு என்ற ஒப்பந்தம் வந்தது. ஆடை வாங்கி விற்கும் வெளிநாட்டு பிராண்டுகள் ஒரு பக்கம், தொழிற்சங்கங்கள் மறுபக்கம் கையெழுத்துப் போட்டன. 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். தொழிற்சாலைச் சோதனை அறிக்கைகளை எல்லோரும் பார்க்க வெளியிட்டார்கள். ஆபத்து என்று தோன்றினால் வேலைக்குப் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. புகார் போவது மேனேஜரிடம் இல்லை, வெளியில் உள்ள அமைப்பிடம். பிராண்டு சொன்னபடி செய்யாவிட்டால் சங்கம் வழக்குப் போடலாம், போட்டார்கள். நெதர்லாந்தின் ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போய், 2018 ஜனவரியில் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. அக்காவின் கேள்வியை இங்கே கேளுங்கள். சாவி யாரிடம்? முழுதாக இல்லாவிட்டாலும், ஒரு சாவி தொழிலாளர் பக்கம் வந்துவிட்டது.

இனி ஐ.எஸ்.ஓ. 26000. பல நாடுகள் சேர்ந்து தரங்களை எழுதும் சர்வதேச அமைப்புதான் ஐ.எஸ்.ஓ. சமூகப் பொறுப்புக்கான சர்வதேசத் தரம் என்றாலே எல்லோரும் சொல்வது இதைத்தான். 2010 நவம்பர் 1ஆம் தேதி வெளியானது. எழுதி முடிக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. 2005இல் பிரேசிலின் சால்வடாரில் முதல் கூட்டம், 2010இல் கோபன்ஹேகனில் கடைசிக் கூட்டம், ஸ்வீடனும் பிரேசிலும் சேர்ந்து தலைமை. பணக்கார நாடு ஒன்று, வளரும் நாடு ஒன்று என்று சோடி சேர்த்தது எனக்குப் பிடித்த விஷயம். தொழில் துறை, அரசு, தொழிலாளர், நுகர்வோர், தன்னார்வ அமைப்புகள், ஆய்வாளர் முதலானோர் என்று ஆறு தரப்பும் மேஜையில் உட்கார்ந்தன.

இறுதி வாக்கெடுப்பில் 66 நாடுகள் ஆதரவு, 11 நாடுகள் நடுநிலை, எதிர்ப்பு ஐந்தே நாடுகள். அந்த ஐந்தில் அமெரிக்காவும் கியூபாவும் ஒரே பக்கம் நின்றன. கூடவே லக்சம்பர்க், துருக்கி, அப்புறம் நம் இந்தியா. ஆமாம், நாம் வேண்டாம் என்றுதான் வாக்களித்தோம். இப்படிப்பட்ட தரங்கள் நாளைக்கு நம் சரக்கைத் தடுக்கும் வேலியாகிவிடுமோ என்ற பயம் வளரும் நாடுகள் பலவற்றில் இருந்தது. அந்தப் பயத்தை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. பையர் ஒரு கையால் தரத்தை நீட்டி, மறு கையால் விலையைக் குறைப்பதைப் பல வருடம் பார்த்தவன் நான். பீஸுக்கு ஐந்து ரூபாய் குறை, ஆனால் ஓவர்டைம் வைக்காதே என்றால் எங்கே போவது? பையர் தரும் விலையையும் கணக்கில் எடுக்காத தரம், பாரத்தைக் கீழே தள்ளிவிடும்.

இந்த 26000இல் ஒரு விசேஷம், இதற்குச் சான்றிதழே கிடையாது. இது வழிகாட்டி மட்டும்தான். "செய்தாக வேண்டும்" என்று எங்கேயும் கட்டாயப்படுத்தாது, "செய்வது நல்லது" என்றுதான் சொல்லும். 26000 சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அது தவறு என்று ஐ.எஸ்.ஓ.வே சொல்கிறது. அப்படியானால் பல் இல்லாத தரம்தானே என்று கேட்பார்கள். பாதி சரி. ஆனால் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்: சான்றிதழ் இல்லாததால் இரண்டாவது நோட்டு எழுதவேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. அது ஒரு நன்மை.

அதைவிடப் பெரிய நன்மை, பொறுப்பு என்ற சொல்லுக்கு அது கொடுத்த அர்த்தம். உன் முடிவும் உன் வேலையும் சமுதாயத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன செய்கின்றனவோ, அதற்கு நீ பொறுப்பு. தானதர்மம் அப்புறம். நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று வைத்தார்கள். நல்லதுதான், எத்தனையோ அரசுப் பள்ளிகளில் கழிப்பறை வந்திருக்கிறது. ஆனால் தன் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் வராது. நாளடைவில் சமூகப் பொறுப்பு என்றாலே வெளியே கொடுப்பது என்று ஆகிவிட்டது. தன் ஆலைக்குள் கழிப்பறைக்குப் போக டோக்கன் கொடுக்கும் கம்பெனி, பக்கத்து ஊர்ப் பள்ளியில் கழிப்பறை கட்டிப் பெயர்ப் பலகை வைக்கலாம். 26000 இதை ஏற்காது. முதலில் உன் ஆலைக்குள் பார் என்று சொல்லும். அந்த அளவில் அது வெற்றி என்பேன். பேசுவதற்கு ஒரு பொது மொழியைக் கொடுத்திருக்கிறது. சாவியைக் கொடுக்கவில்லை. அந்த மொழியை வைத்து ஒப்பந்தமோ சட்டமோ எழுதிச் சாவி செய்துகொள்வது அந்தந்த ஊர்க்காரர் கையில் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். சாயப்பட்டறைகள், நொய்யல், நுகர்வோர் தரப்பு என்று நிறையக் குறித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்.

திண்டுக்கல் ஒப்பந்தம். 2022 ஏப்ரலில் கையெழுத்தானது. அங்கே ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் கொலையுண்ட துயரத்துக்குப் பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் விடாமல் போராடி வாங்கிய ஒப்பந்தம். ஆலை நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று, மெஷின்களுக்கு நடுவே இருந்து, மேற்பார்வையாளர்களின் தொல்லையையும் பாலியல் சீண்டலையும் கவனித்துச் சங்கத்திடம் கொண்டு போகிறார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும். நம் மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது, நம்மில் பல பேருக்குத் தெரியாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் செக்கிங், டைலரிங், கைமடிப் பெண்கள் யாராவது இருந்தால், உங்கள் கம்பெனிப் புகார்ப் பெட்டியை நாளைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வெள்ளகோவில் அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கலாம். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது அக்கா: வேலையை விட்டு வரும்போது அந்தப் பெட்டியின் சாவியை மேனேஜரிடமிருந்து கேட்டு வாங்கி, தொழிலாளர் கமிட்டியில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.