வார்டுக்குள்ள வாசிக்கப் போற மாணவர் குழுவுக்கு: நிறுத்தத் தெரிஞ்சுக்கங்க

[காட்சி: மாலை 4 மணி. அரசு மருத்துவமனை வராந்தா. சுவரோரம் ஒரு வயலின் பெட்டி, கஞ்சிராப் பை.]

குரல்:
கச்சேரி பிடிக்கலைன்னா கேக்கறவங்க எந்திரிச்சு கேன்டீன் பக்கம் போயிடலாம். வார்டுல படுத்திருக்கறவரால அது முடியாது. கையில டிரிப்ஸ் ஏறுது, வயித்துல தையல். உங்க பாட்டை அவரு கேட்டே ஆகணும். அதனால ஆஸ்பத்திரியில வாசிக்கப் போற மாணவர்கள் முதல்ல பழக வேண்டியது, எங்க வேணும்னாலும் நிறுத்தறதுக்குத்தான்.

அனுமதியில ஆரம்பிக்கலாம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரின்னா டீனுக்குக் கடிதம், நகல் ஆர்.எம்.ஓ.வுக்கு (உறைவிட மருத்துவ அலுவலர்). உங்க கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மூலமாப் போனா வேலை சுளுவு. யார் யார் வர்றாங்க, என்ன வாத்தியம், எந்த வார்டு, எத்தனை மணி, மைக் கிடையாது, போட்டோ கிடையாது. இவ்வளவும் கடிதத்துலயே இருக்கட்டும். 18 வயசு ஆகாதவங்களுக்கு வீட்டுல கையெழுத்து வாங்கணும். டீன் சரின்னு சொன்னாலும், அன்னிக்கு வார்டு சிஸ்டர் "இன்னிக்கு வேண்டாம்"னா வேண்டாந்தான். காரணம் கேக்காதீங்க. பக்கத்துப் படுக்கையில யாரோ அப்பத்தான் இறந்திருக்கலாம்.

ஐ.சி.யூ., தீக்காயம், காசநோய், தொற்றுநோய் வார்டு எல்லாம் நம்ம இடம் இல்லை. நல்ல இடம் டயாலிசிஸ் பிரிவு. ஒரு தடவை உக்காந்தா நாலு மணி நேரம் மெஷினோட கட்டிப்போட்ட மாதிரி, பொழுது போகாது. ஓ.பி. ஹால் பார்க்க வசதியாத் தெரியும். ஆனா டோக்கன் நம்பர் கூப்பிடறது காதுல விழலைன்னா ஒருத்தரு முறையைத் தவறவிட்டுடுவாரு. காங்கேயத்துல இருந்து காலையில பஸ் ஏறி வந்தவருக்கு அது அரை நாள் நஷ்டம்.

[காட்சி: மேசை மேல வாத்தியங்கள். ஒவ்வொண்ணாக் கேமரா நகர்கிறது.]

அடுத்தது சத்தம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் வரைக்கும் அரசு அமைதி மண்டலமா அறிவிக்கலாம். அங்க சத்தத்துக்கு வரம்பு பகல்ல 50 டெசிபல், ராத்திரி 40. சாதாரணமாப் பேசறதே ஏறக்குறைய 60 வந்துடும். அப்போ ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் வீட்டோட இருக்கட்டும். நாதஸ்வரம், தவில், பறை, உருமி மேல எங்களுக்கும் ஆசை உண்டு. அதெல்லாம் வெட்டவெளிக்குப் பிறந்த வாத்தியம்.

வயலினுக்கு, தந்தியைத் தாங்கற பிரிட்ஜ் மேல செருகி சத்தத்தைக் குறைக்கற ரப்பர் மியூட் போடுங்க. வில்லுக்குப் பூசற ரோசின் பிசினை வெளியவே தேய்ச்சு, தந்தியைத் துணியால ஒரு தடவை துடைச்சுட்டு உள்ள வாங்க. அந்த வெள்ளைப் பொடி மூச்சிரைப்பு இருக்கறவருக்கு இருமலைக் கிளப்பும். மிருதங்கத்துல சங்கடம் ரெண்டு. சுருதி சேர்க்கக் கல்லால தட்டற சத்தம் ஒண்ணு. இடது பக்கம் அப்பற ரவைப் பசை உதிர்ந்து தரையில ஒட்டறது இன்னொண்ணு. கஞ்சிராவோ கடமோ போதும். கஞ்சிராவுல காசு குலுங்காம ஒரு துணிச் சுருளைச் செருகிடலாம். வீணைக்குப் பாய் விரிக்கணும், அது ஸ்டிரெச்சர் போற வழியை அடைச்சிடும். குழுவுல ஆக மொத்தம் அஞ்சு பேர் போதும், அதுல ஒருத்தரு வாசிக்கவே கூடாது. ஏன்னு பின்னாடி சொல்றோம்.

டைல்ஸ் ஒட்டின வார்டுல ஒலி சீக்கிரம் அடங்காது. வேகமா ஸ்வரம் போட்டா ஒண்ணோட ஒண்ணு மோதி இரைச்சலாயிடும். நிமிஷத்துக்கு 60-லிருந்து 80 தட்டு, அந்த நடை போதும். பாடறவங்க வழக்கமான சுருதியிலிருந்து அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கங்க. தொண்டை தானா அடங்கும். படுத்திருக்கறவரும் கூடவே முணுமுணுக்க முடியும்.

[காட்சி: கை கழுவும் இடம். விரலிடுக்கில் சானிடைசர் தேய்க்கும் கை, நெருக்கத்தில்.]

சானிடைசரை 20-லிருந்து 30 விநாடி தேய்ச்சு, கை நல்லாக் காஞ்ச பின்னாடி வாத்தியத்தைத் தொடுங்க. ஈரத்தோட தொட்டா ஸ்பிரிட்ல வயலின் வார்னிஷ் கரைஞ்சு விரல் தடம் பதிஞ்சிடும். சளி, காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்கறவங்க அன்னிக்கு வரவே வேண்டாம். பிளக் பாயிண்ட் எதையும் தொடாதீங்க. சுருதிப் பெட்டி பேட்டரியில ஓடட்டும்.

என்ன பாட்டு? கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். கட்டிலுக்கு ஒரு ஆள் தூரத்துல நின்னு, "ஆத்தா, ரெண்டு பாட்டு மெதுவா வாசிக்கட்டுங்ளா? வேண்டாம்னாலும் ஒண்ணுமில்லீங்க." அந்த ரெண்டாவது வாக்கியத்தை விட்டுடாதீங்க. அது இல்லைன்னா, நம்ம ஊர் மரியாதைக்கு யாரும் வேண்டாம்னு வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. "பாடு கண்ணு"ன்னு சொல்லிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டா, அதுக்கும் வேண்டாம்னுதான் அர்த்தம்.

பழைய சினிமாப் பாட்டும் தாலாட்டும் எப்பவும் எடுபடும். வள்ளி கும்மி மெட்டை மெதுவாப் பாடினா பொள்ளாச்சி, அவிநாசிப் பக்கத்து அம்மாக்கள் அடி எடுத்துக் கொடுப்பாங்க. பக்திப் பாட்டுன்னா வார்டுல எல்லா மதத்துக்காரங்களும் இருக்காங்கன்னு மனசுல வைச்சுக்கங்க. உடுக்கையடிப் பாட்டு, அதுலயும் பொன்னர் சங்கர் கதையில அவங்க போர்க்களத்துல விழற படுகளக் கட்டம், கூடவே கூடாது. அதைக் கேட்டாலே அருள் வந்து ஆடறவங்க இந்தக் கொங்குச் சீமையில உண்டு. போட்ட தையல் தாங்காது.

கும்மின்னதும் கை தட்டச் சொல்லத் தோணும், சொல்லாதீங்க. டிரிப்ஸ் ஏறற கையைப் பாருங்க.

[காட்சி: புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டிய வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்). மெல்லிய குழாயில் ஒரு விரற்கடை அளவு சிவப்பு.]

தாளம் போட்டுக் கையை ஆட்டினா ஊசி நகரும், சொட்டு நிக்கும், ரத்தம் குழாயில பின்னால ஏறும். அதைப் பார்த்துட்டுக் கூட இருக்கறவங்க பதறி சிஸ்டரைக் கூப்பிடுவாங்க. மத்தக் கையோட விரலைத் தொடையில தட்டச் சொன்னாப் போதும்.

இப்ப அந்த வாசிக்காத ஆள். அவரு கண்ணு வாத்தியத்து மேல இருக்கக் கூடாது, கட்டில்கள் மேல இருக்கணும். புருவம் சுருங்குதா, போர்வையைப் பிடிச்ச கை இறுகுதா, சிஸ்டர் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்குதா, மெஷின் அலாரம் அடிக்குதா. எது நடந்தாலும் உள்ளங்கையைக் கீழ இறக்கிக் காட்டுவாரு. அஞ்சு விநாடியில சத்தம் நின்னுடணும். அதனால பாட்டுத் தேர்வும் அதுக்கேத்த மாதிரி. தாளக்கட்டு இல்லாத விருத்தமும் ஆலாபனையும் எங்க நிறுத்தினாலும் மொட்டையாத் தெரியாது. ராகம் மாறி மாறி வர்ற ராகமாலிகை, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனம் எல்லாம் சபாவுக்கு வைச்சுக்கங்க.

யாராவது அழுதா வெடுக்குனு நிறுத்தி ஓடாதீங்க. தாழ்த்தி முடிச்சுட்டு, "நிறுத்திக்கட்டுங்ளா?"ன்னு கேளுங்க. "இல்ல சாமி, பாடு"ன்னும் சொல்வாங்க.

ஒரு எச்சரிக்கை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசற காக்ரேன் அமைப்போட 2013 ஆய்வுத் தொகுப்பு 26 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துட்டு, ஆபரேஷனுக்கு முன்னாடி இசை கேட்டா பதற்றம் குறையலாம்னு சொன்னது. அதுலயும் பெரும்பாலும் பதிவு செஞ்ச இசைதான். இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் பி.பி.க்குன்னு வார்டுல வாய் விடாதீங்க. நம்பி மாத்திரையை நிறுத்தறவங்க இருக்காங்க. இசை சிகிச்சைங்கறது அதுக்குன்னு படிச்சவங்க வேலை.

ஒரு வார்டுக்கு 15 நிமிஷம் போதும். கைதட்டலுக்குக் காத்திருக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க. கிளம்பும்போது மறுபடியும் கை கழுவிட்டு, நேரா சிஸ்டர் மேசைக்குப் போங்க. "எந்தப் படுக்கைக்குத் தொந்தரவா இருந்துச்சுங்க?"ன்னு கேட்டு, சொல்ற நம்பரை ஒரு சீட்டுல குறிச்சுக்கங்க. அடுத்த வாரம் நாற்காலியை அதுக்கு எதிர்மூலையில போடணும்.

[காட்சி: சீட்டு. "14 — ஜன்னலோரம்" என்று பேனா எழுதுகிறது.]