கையில் கடிகாரம், கழுத்தில் பதக்கம்

வணக்கம்.

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். சில வாரங்களுக்கு முன், என்னிடம் பயிலும் ஒரு பெண் ஐயாயிரம் மீட்டர் பந்தயத்தில் ஓடினாள். கடைசி வளைவிலிருந்தே அவள்தான் முன்னால். எல்லைக்கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது அவளுடைய வலக்கை இடது மணிக்கட்டுக்குப் போனது, கைக்கடிகாரத்தை நிறுத்துவதற்காக. அந்த ஒரு நொடியில் தோள் பின்வாங்கிவிட்டது. பக்கத்தில் வந்த பெண் நெஞ்சை முன்னே தள்ளிக் கோட்டைத் தாண்டிவிட்டாள். முதலிடம் கைநழுவியது. ஆனால் இவள் என்னிடம் ஓடிவந்து, "சார், இதுவரை நான் ஓடியதிலேயே இதுதான் சிறந்த நேரம்!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. இத்தனை நாளும் ஸ்டாப்வாட்சும் கையுமாக அவள் முன்னால் நின்றவன் நான்தானே.

உச்சத்தில் இருக்கும் ஓட்டக்காரர் நேரத்தைத் துரத்த வேண்டுமா, பதக்கத்தைத் துரத்த வேண்டுமா என்ற கேள்வியை அன்று முதல் மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டும் ஒரே ஓட்டம்தானே என்று தோன்றும். தடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020 அக்டோபரில் வலென்சியா நகரில் பத்தாயிரம் மீட்டரை 26 நிமிடம் 11 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். சாதனைக்கென்றே ஏற்பாடு செய்யப்பட்ட இரவு அது. தொடக்கத்தில் வேகம் பிடித்துக் கொடுக்க ஆட்கள் முன்னால் ஓடினார்கள். தடத்தின் உள்விளிம்பில் பொருத்திய விளக்குகள், சாதனை வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து வழிகாட்டின. ஒரு சுற்றுக்கு 63 விநாடிக்கும் சற்றுக் குறைவு; அப்படி இருபத்தைந்து சுற்று. அந்த ஓட்டத்தின் அழகே மாறாத சீர்தான்.

பத்து மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக் வந்தது. அதே பத்தாயிரம் மீட்டர். விளக்கு இல்லை, வேகம் பிடித்துக் கொடுக்க ஏற்பாடு செய்த ஆட்களும் இல்லை. சூடும் புழுக்கமும் நிறைந்த இரவில் கூட்டம் மெதுவாகவே நகர்ந்தது. கடைசிச் சுற்றில் எத்தியோப்பியாவின் செலமோன் பரேகா பாய்ந்தார். செப்டெகெய் அரை விநாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். வென்றவரின் நேரம் 27 நிமிடம் 43 விநாடி. உலக சாதனையைவிட ஒன்றரை நிமிடம் மெதுவான ஓட்டத்தில் உலக சாதனைக்காரர் தோற்றார்.

பதக்க ஓட்டம் வேறு வகையான உழைப்பைக் கேட்கிறது. ஒரு சுற்று 68 விநாடி, அடுத்தது 61 என்று வேகம் ஏறி இறங்கும். யார் தோளுக்குப் பின்னால் ஒட்டுவது, எப்போது வெளியே வருவது என்று ஒவ்வொரு வளைவிலும் முடிவெடுக்க வேண்டும். தடத்தின் ஒரு பாதை 1.22 மீட்டர் அகலம். வளைவுகளில் ஒரு பாதை தள்ளி ஓடினால் சுற்றுக்கு ஏழரை மீட்டருக்கு மேல் அதிகம் ஓடவேண்டியிருக்கும். உள்ளேயே ஓடினால் தூரம் மிச்சம். ஆனால் கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது முன்னும் பக்கமும் அடைபட்டு, கால் இருந்தும் வழியில்லாமல் நிற்க நேரும். இதை எந்தக் கடிகாரமும் கற்றுக்கொடுக்காது.

இந்தக் கலையில் கைதேர்ந்தவர் பிரிட்டனின் மோ ஃபாரா. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஐயாயிரம் மீட்டரை அவர் வென்ற நேரம் 13 நிமிடம் 41 விநாடி. அன்றைய உலக சாதனையைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் அதிகம். ஆனால் கடைசிச் சுற்றை ஏறத்தாழ 53 விநாடியில் ஓடினார். ஐயாயிரம், பத்தாயிரம் இரண்டிலும் தடத்தின் உலக சாதனை அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. ஒலிம்பிக் தங்கங்களோ நான்கு. "மெதுவாக ஓடி ஜெயித்தவர்" என்று அவரைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மெதுவான ஓட்டத்தை விரும்பாத யாரும் முன்னால் போய் வேகத்தைக் கூட்டியிருக்கலாம். அவரைக் களைக்கச் செய்யும் அளவுக்கு அன்று யாரும் கூட்டவில்லை.

மொராக்கோவின் ஹிசாம் எல் கெரூஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் ரோம் நகரில் 1500 மீட்டரை 3 நிமிடம் 26 விநாடியில் ஓடினார். கால் நூற்றாண்டு கடந்தும் அந்தச் சாதனை அசையவில்லை. ஆனால் 1996 ஒலிம்பிக்கில் கடைசிச் சுற்று தொடங்கும் வேளையில் இடறி விழுந்தார். 2000இல் சிட்னியில் வெற்றி அவருக்கே என்று உலகமே நம்பியிருக்க, கென்யாவின் நோவா நெகேனி கடைசி மீட்டர்களில் கடந்துபோய்விட்டார். 2004இல் ஏதென்ஸில் தங்கம் கிடைத்தபோது அவர் ஓடிய நேரம் தம் சாதனையைவிட எட்டு விநாடி அதிகம். அந்த எட்டு விநாடியைப் பற்றி அவர் கவலைப்பட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் உச்சத்துக்கான ஆண்டுகள் நான்கைந்துதான் இருக்கும். அவற்றைப் பதக்கத்துக்கே கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாதனைக்கு நல்ல வானிலையைத் தேர்ந்தெடுக்கலாம். சரியில்லை என்றால் அடுத்த மாதம் இன்னொரு நகரம். ஒலிம்பிக் நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. காய்ச்சலோ கால்வலியோ, அந்த மாலையில் அந்தக் கோட்டில் போய் நின்றாக வேண்டும். அங்கே நிற்பவர்களோடு மோதுவதைத்தான் நான் பந்தயம் என்கிறேன்.

நேரம் தேவையில்லை என்று சொல்லவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கின் பத்தாயிரம் மீட்டருக்கு நேரடித் தகுதி நேரம் 27 நிமிடமாக இருந்தது. நேரம்தான் அங்கே நுழைவுச்சீட்டு. அந்தப் பந்தயத்திலும் தொடக்கம் முதலே எத்தியோப்பியர்கள் விரட்டினார்கள். பதின்மூன்று பேர் 27 நிமிடத்துக்குள் வந்தார்கள். அவர்களில் தங்கம் வென்றவர், டோக்கியோவில் தோற்ற அதே செப்டெகெய். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே விநாடியில் நூறில் இரண்டு பங்கு. அத்தனை வேகமாக ஓடிய பிறகும் முடிவு கடைசிச் சுற்றில்தான் இருந்தது.

என் வாதத்தில் எனக்கே முள்ளாகக் குத்தும் ஒரு பெயர் உண்டு: ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க். 1965இல் ஆஸ்லோவில் பத்தாயிரம் மீட்டரை முதன்முதலாக 28 நிமிடத்துக்குள், அதாவது 27 நிமிடம் 39 விநாடியில் ஓடியவர். பதினேழு உலக சாதனைகளுக்குக் குறையாமல் படைத்தவர். கடைசி நேரப் பாய்ச்சல் அவருக்கு இயல்பாக வரவில்லை. காத்திருந்து ஏமாற்றி வெல்வதும் அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் நின்று முழு மூச்சாக ஓடினார். 1964 டோக்கியோவில், உலக சாதனை கையில் இருந்தும், கடைசிச் சுற்றில் பில்லி மில்ஸும் முகமது கமூதியும் அவரைக் கடந்தார்கள். வெண்கலம். 1968 ஒலிம்பிக் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரில் நடந்தது. அந்த மெல்லிய காற்றில் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவரிடம் போய், "நீங்கள் தவறானதைத் துரத்தினீர்கள்" என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. பாய்ச்சல் இல்லாத கால்களுக்கு வேகம் மட்டும்தான் ஆயுதம்.

அந்த இரண்டு தோல்விகளுக்கும் இடையில், 1966இல், கிளார்க் பிராக் நகருக்குப் போயிருந்தார். 1952 ஒலிம்பிக்கில் ஐயாயிரம், பத்தாயிரம், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஸடோபெக் அவரை விமான நிலையம்வரை வந்து வழியனுப்பினார். பிரியும்போது ஒரு சிறு பொட்டலத்தைக் கையில் வைத்தார். விமானத்தில்தான் கிளார்க் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஸடோபெக்கின் பத்தாயிரம் மீட்டர் தங்கப் பதக்கம் இருந்தது.

என்னிடம் பயிலும் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அடுத்த பந்தயம் இன்னும் மூன்று வாரத்தில். அன்றைக்குக் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடச் சொல்லியிருக்கிறேன். சரி என்றாள், "ஆனால் சார், நேரத்தை நீங்கள் குறித்துவைப்பீர்கள்தானே?" என்று கேட்டாள். குறித்துவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.