ஊருக்கு ஊர் வேறாகும் வட்ஸ்அப்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

உலகம் முழுக்க ஒரே பேஸ்புக், ஒரே வட்ஸ்அப், ஆகவே மனிதர்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செயலி ஒன்றாக இருக்கலாம். அது போய்ச் சேருகிற ஊரில் தொலைபேசிக் கட்டணம் எவ்வளவு, சட்டம் எதற்கு இடம் கொடுக்கிறது, வீட்டுக்குள் யார் யாரோடு பேசலாம், குடும்பத்தில் யார் கடல் தாண்டி இருக்கிறார் என்பவற்றைப் பொறுத்து அதன் பாவனை மாறிப்போகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கோ இருந்து போடப்படும் விதிகளும், இங்கேயே போடப்படும் தடைகளும் எளிய மக்களைத்தான் வதைக்கின்றன. இந்தக் கவலையோடுதான் இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

வட்ஸ்அப் 2009இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஆனால் பிறந்த நாட்டில் அதைப் பல ஆண்டுகளாக யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அங்கே மாதக் கட்டணத்துக்குள்ளேயே எவ்வளவு எஸ்எம்எஸ் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2011இலிருந்து அதற்குள்ளேயே ஒரு செய்திச் சேவையும் கிடைத்தது. புதிதாக ஒன்று அவர்களுக்கு எதற்கு? பிரேசிலிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் கதை வேறு. ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு, வெளிநாட்டுக்கு என்றால் இன்னும் கூடுதலான காசு. லண்டனில் இருக்கும் அண்ணனோடு காசைப் பற்றி யோசிக்காமல் பேசலாம் என்றதும் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போனோம். தொலைபேசிக் கம்பனிகளின் விலைப்பட்டியல் ஒரு தேசத்தின் பழக்கத்தையே தீர்மானித்துவிட்டது.

அடுத்தது எழுத்து. பேஸ்புக் நிறுவனத்தின் உள்ளக ஆவணங்கள் 2021இல் வெளியே வந்தபோது, கம்போடியாவைப் பற்றிய ஒரு தகவலும் தெரியவந்தது. 2018இல் மெசஞ்சரில் உலகம் முழுவதும் அனுப்பப்பட்ட குரல் செய்திகளில் ஏறக்குறையப் பாதி அந்தச் சின்ன நாட்டிலிருந்து போனவையாம். அங்கே பேசும் கெமர் மொழிக்கு எழுத்துகள் மிகப் பல. கைத்தொலைபேசியின் சின்ன விசைப்பலகையில் அவற்றைத் தேடித் தேடித் தட்டுவதைவிடப் பேசி அனுப்புவது சுலபம். பேஸ்புக்குக்கு இது வியப்பாக இருந்திருக்கலாம். தமிழ் எழுதும் எங்களுக்கு இதில் வியப்பு என்ன இருக்கிறது? "டைப் பண்ணக் கஷ்டம், வொய்ஸ் போடுறன் பிள்ளை" என்று சொல்லாத பெரியம்மா நம்மில் எந்த வீட்டில் இல்லை? எழுதத் தெரிந்தவர்களும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள்.

வொய்ஸ் அனுப்புவதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மலையகத்தில் பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன ஒரு அம்மா இருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய மகள் துபாயில் வீட்டு வேலை செய்கிறாள். முன்பெல்லாம் கடிதம் வந்தால் வாசிக்க ஒருவர், பதில் எழுத இன்னொருவர் என்று தாயும் மகளும் பேசுவது எல்லாமே அடுத்த வீட்டின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. குரல் செய்தி வந்த பிறகுதான் அந்தத் தாய் தன் மகளோடு தனியாகப் பேசுகிறார். இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று அந்த வீட்டில் நடந்திருக்குமா தெரியவில்லை.

அந்த மகள் எந்தச் செயலியில் பேசுவாள் என்பதும் அவள் கையில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், அழைத்துப் பேச முடியாது. அரசு அனுமதித்த பொட்டிம் போன்ற சில செயலிகளில்தான் பேசலாம். இணைய வேகம் குறைந்த இடத்திலும் ஓடும் என்பதால் இமோ என்ற செயலி வளைகுடாவில் வேலை செய்யும் தெற்காசியர்களிடையே பரவியது. கொழும்பு அலுவலகங்களில் இமோ வைத்திருப்பவர் அரிது. வளைகுடாவில் ஒரு பிள்ளையையோ மனைவியையோ விட்டிருக்கும் வீடுகளில் அதுதான் உயிர். நம் நாட்டுக்குள்ளேயே இப்படி வித்தியாசம் இருக்கிறது, பாருங்கள்.

நம் கொழும்பில் இயங்கும் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனத்தின் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2012 அளவில் இந்தோனேசியாவில் ஆய்வு செய்தபோது, அங்கே பலர் தாங்கள் இணையம் பாவிப்பதில்லை என்றார்கள். அதே நாட்டவரைச் சேர்த்து இருத்திப் பேசவிட்டபோது, பேஸ்புக்கில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று உற்சாகமாகச் சொன்னார்கள். அவர்கள் மனதில் இணையம் என்று ஒன்று இல்லை, பேஸ்புக் மட்டுமே இருந்தது. கேள்வித்தாளை மட்டும் நம்பியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜைச் சேர்ந்த டானியல் மில்லரும் இன்னும் எட்டு மானிடவியலாளர்களும் இந்த வேலையை ஆழமாகச் செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில் பதினைந்து மாதம் தங்கினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ஊர், சீனாவில் இரண்டு, துருக்கியில் ஒன்று, இங்கிலாந்து, இத்தாலி, டிரினிடாட், சிலி, பிரேசில். 2016இல் முடிவுகள் வெளிவரத் தொடங்கின. இங்கிலாந்துக் கிராமத்தவர்கள் பேஸ்புக்கை வைத்து மற்றவரை மிகவும் நெருங்கவும் விடாமல், முற்றாக விலகவும் விடாமல் அளவான தூரத்தில் நிறுத்துகிறார்கள். துருக்கியின் மார்டின் நகரில் வெளியே எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் குடும்ப மானம் குலையாத படங்கள். இளைஞர்களின் காதல் எல்லாம் உள்ளே தனிச் செய்திகளில் நடக்கிறது. சீனத் தொழிற்சாலை நகரத்துக்கு வேலை தேடி வந்த கிராமத்து இளைஞர்கள் அந்த ஊரில் வேர் விடவே இல்லை. தாங்கள் வாழ விரும்பிய நவீன வாழ்க்கையை அவர்கள் இணையத்தில் வாழ்ந்தார்கள். மார்டினைப் பற்றி வாசித்தபோது எனக்கு நம் ஊர்ப் பெண் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். முகப்புப் படத்தில் தன் முகம் இருக்காது. ரோஜாப்பூ, குழந்தை, பிள்ளையார் என்று ஏதாவது இருக்கும். அதைக் கண்டு பின்தங்கியவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். படத்தை எடுத்து யாரும் எதுவும் செய்துவிடலாம் என்று அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

கிழக்காசியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் 2011 மார்ச்சில் பெரும் பூகம்பமும் சுனாமியும் வந்து தொலைபேசி இணைப்புகள் முடங்கின. இணையம் வழியாகத் தொடர்புகொள்ளும் தேவை அப்போது தெரிந்து, அதே ஆண்டு ஜூனில் லைன் செயலி வந்தது. தென்கொரியாவில் கக்காவோ டோக். 2022 ஒக்டோபரில் அது பாவித்த தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, பேச்சு மட்டுமல்லாமல் கட்டணம் செலுத்துவது, டாக்சி பிடிப்பது எல்லாம் நின்றுபோயின. ஒரே கம்பனியின் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த நாடு அன்று பார்த்தது. சீனாவின் வீசாட் செயலியில் ஒருவர் போட்ட படத்துக்கு நீங்கள் எழுதும் கருத்து, உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பருக்கு மட்டும்தான் தெரியும். பேஸ்புக்கில் பழகிய நமக்கு இது புதுமை. ஊரே கூடி நின்று ஒருவரைத் திட்டுவது அங்கே இதனால் குறைகிறது என்பது என் எண்ணம்.

சரி, பாக்கு நீரிணைக்கு வருவோம். இரண்டு கரையிலும் ஒரே மொழி. தமிழ்நாட்டில் 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டொக்குக்கு இடைக்காலத் தடை சொல்லி, பிறகு அதே மாதத்திலேயே நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டொக் முற்றாகப் போய்விட்டது. அங்கே ஆடிப் பாடியவர்கள் இன்ஸ்டகிராம் ரீல்ஸுக்கும் யூடியூப்புக்கும் நகர்ந்தார்கள். நம் பக்கத்தில் டிக்டொக் அப்படியே இருக்கிறது. பாரிஸிலும் சூரிச்சிலும் டொரோண்டோவிலும் இருக்கும் நம்மவர்கள் இரவில் அதில் நேரலை போட்டு, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் வீண் சண்டையும் வசையும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஈழத்துப் பேச்சுத் தமிழை இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் கூச்சமில்லாமல் பேசிக் கேட்கும் பொது இடம் வேறு எது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒரு விடயம். இலங்கைத் தமிழர் சமூக ஊடகத்தைப் பாவிக்கும் முறையில், வேறு எங்கும் இதே வடிவில் நான் காணாத ஒன்று உண்டு. அது மரண அறிவித்தல். இந்த வானொலியின் நேயர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இலங்கை வானொலியில் அறிவித்தல் நேரம் வந்தால் வீடே பேச்சை நிறுத்திக் கேட்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மகளும் இன்னாரின் பாசமிகு தாயாரும் ஆவார். அந்த வாசகம் ஒரு சொல்லும் மாறாமல் இன்று பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுகிறது. மாறியது கடைசி வரிகள்தான். முன்பு ஒரு வீட்டு முகவரி இருந்த இடத்தில் இப்போது கனடா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, இலங்கை என்று நாடு நாடாகத் தொலைபேசி இலக்கங்கள். பிறப்பிடம் புங்குடுதீவு, வதிவிடம் வெள்ளவத்தை, காலமானது கனடாவின் ஸ்காபரோ. ஒரு குடும்பம் போரால் எங்கெங்கே சிதறியது என்பதை அந்த ஒரு அறிவித்தலை வாசித்தே சொல்லிவிடலாம்.

இறுதிச் சடங்கை நேரலையாகக் காட்டுவதும் இப்படித்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் கல்யாணங்களைப் படம்பிடிக்கும் ஸ்டூடியோக்களே மரண வீட்டுக்கும் கமராவோடு வருகின்றன. யூடியூப் இணைப்பு முதல் நாளே குழுக்களில் வந்துவிடும். துக்கத்தையும் காட்சிப் பொருளாக்குகிறார்கள் என்று இதைக் கண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் முரண்படுகிறேன். புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வராமல் வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கிருந்து புறப்பட்டால் திரும்பிப் போக முடியாது. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அவனுக்காக இங்கே ஒரு மருமகன் கொள்ளிக்குடம் தூக்குகிறான், மகன் அங்கே அறையில் தனியாக இருந்து போனில் பார்த்து அழுகிறான். அந்தக் கமராவை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தப் பின்னணியோடு 2018 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். கண்டி, திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவர்களைக் கொல்லத் தூண்டும் சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. பலர் முறையிட்டார்கள். அப்படியான ஒரு பதிவைப் பற்றி, இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. சிங்களம் தெரிந்த போதிய ஆட்கள் அந்தக் கம்பனியிடம் இல்லை. 2020 மே மாதத்தில் பேஸ்புக் அதற்கு மன்னிப்புக் கேட்டது. மியன்மாரில் ரொஹிங்யா மக்களுக்கு எதிரான வெறுப்பைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் அதே நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் எழுதிய விதியை, மொழி தெரியாமல் நம் ஊருக்குப் பொருத்தியதன் விலையை உயிரும் உடைமையும் இழந்தவர்கள் கொடுத்தார்கள்.

நம் அரசாங்கங்கள் செய்தது என்ன? தடை. 2018 மார்ச்சில் ஏறக்குறைய ஒரு வாரம். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த அன்றிலிருந்து ஏப்ரல் 30 வரை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, போராட்டம் வலுத்தபோது, ஊரடங்கோடு சேர்த்து மறுபடியும். வெறுப்பைப் பரப்பியவர்கள் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர முடிந்தது. கொட்டாஞ்சேனையில் குண்டு வெடித்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த தாயின் நிலையை அறிய, வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வட்ஸ்அப்பைத்தான் திறந்தார்கள். அமெரிக்காவில் வட்ஸ்அப்பை ஒரு வாரம் நிறுத்தினால் பெரும்பாலானோர் எஸ்எம்எஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். இங்கே நிறுத்தினால் குடும்பம் துண்டாகிறது.

நேபாளத்தில் 2025 செப்டெம்பரில் இதே பிழை நடந்தது. பதிவு செய்யவில்லை என்று 26 தளங்களை அரசு ஒரேயடியாகத் தடைசெய்தது. வெளிநாட்டு உழைப்பை நம்பி வாழும் நாடு அது. ஊழல் மீதான கோபம் ஏற்கெனவே இளைஞர்களிடம் கொதித்துக்கொண்டிருந்தது. சில நாட்களில் தெருவில் இறங்கினார்கள், பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பிரதமர் பதவி விலகினார். அப்புறம் நடந்தது இன்னும் வியப்பு. கணினி விளையாட்டு ஆடுபவர்கள் பேசிக்கொள்ள உருவான டிஸ்கோர்ட் தளத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடி, இடைக்காலப் பிரதமராக யார் வரவேண்டும் என்று விவாதித்தார்கள். அங்கே பேசப்பட்ட முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கியே அந்தப் பதவிக்கு வந்தார். டிஸ்கோர்டை உருவாக்கியவர்கள் இப்படி ஒரு பாவனையை நினைத்துப் பார்த்திருப்பார்களா?

அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றிய அவர்களின் பயம் நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம்கூட வட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளை விட்டுவைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, ஊடகவியலாளர்களும் சட்டத்தரணிகளும் எதிர்த்துப் பேசினார்கள். குவைத்தில் இருக்கும் தாயின் முகத்தைப் போனில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இனி ஒரு சட்டமோ தடையோ எழுதுகிறவர்கள் முதலில் அட்டனுக்கும் முல்லைத்தீவுக்கும் காத்தான்குடிக்கும் போய், இந்த வீட்டில் எந்தச் செயலியில் யாரோடு பேசுகிறீர்கள் என்று தமிழில் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், இவ்வளவு நேரம் செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.